பறவைக்கு மருந்து வாங்கியது யார்?

அத்தியாயம் 14

அப்பாவின் இடது கண் ஆபரேஷன் இரண்டாவது தடவையாகத் தள்ளிப்போனது போன வாரம். முதல் தடவை, டாக்டர் ஊரில் இல்லை என்றார் அப்பா. இரண்டாவது தடவை, தனக்குச் சளி என்றார். மூத்தவள் மருத்துவமனைக்கே போன் செய்து விசாரித்தாள். டாக்டர் ஊரை விட்டு நகரவே இல்லை. அப்பாதான் முன்பணம் கட்டவில்லை. சளி உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் சளிக்கும் முன்பணத்துக்கும் என்ன சம்பந்தம்?

அதை நேரிலேயே கேட்டுவிடுவது என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் படியேறி வந்திருந்தாள்.

கேட்க முடியவில்லை. அப்பா அடுப்படியில் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஞாயிறன்று டியூட்டி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் மேற்பார்வை. படுக்கை விரிப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதே. அதனால் வாரத்தில் அந்த ஒரு நாள் சமையல் அப்பாவுடையது. முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காய் நறுக்குவதில்கூட ஒரு மில்லிமீட்டர் கூடக் குறைய வராது.

"என்னம்மா நொட்டை, உப்பு சரியா இருக்கான்னு பாரு."

நொட்டை என்பது மூத்தவளின் வீட்டுப் பெயர். சின்ன வயதிலிருந்தே எதை நீட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்வாள். பெரியவளானதும் அதற்கே சம்பளம் கொடுக்க ஆள் கிடைத்துவிட்டது. செல்போனில் ஆடுகிற விளையாட்டுகளை வாரத்துக்கு ஒன்றாக எடுத்து, அக்கக்காகப் பிரித்து, எந்தத் திருகாணி எதற்கு என்று எழுதுகிற விமர்சகி. அவள் எழுதியதைப் படித்துவிட்டு விளையாட்டை அழித்துவிட்டவர்களும் உண்டு; அவளைத் திட்டி எழுதிவிட்டுத் தொடர்ந்து ஆடுகிறவர்கள் அதைவிட அதிகம்.

இளையவன் அதே ஆற்றின் எதிர்க்கரை. விளையாட்டுகளை வடிவமைக்கிறவன். அக்கா பிரித்துப் போடுவதைத் தம்பி பூட்டிக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. அவன் செய்ததைப் பற்றி அவள் எழுதக் கூடாது. என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று அவன் அவளிடம் மூச்சு விடக் கூடாது.

அதற்கும் மேலே அப்பா போட்ட ஒரு சட்டம் இருந்தது. ஃப்ரிட்ஜ் மேல் ஒரு ஷூ டப்பா. ஞாயிற்றுக்கிழமை வாசலில் செருப்பைக் கழற்றுவது போலவே போனையும் கழற்றி அதில் போட்டுவிட வேண்டும். சாப்பிட்டு முடிகிற வரை யாராவது டப்பாவைத் தொட்டால், அத்தனை பாத்திரமும் கழுவுவது தொட்டவர் தலையில். அப்பாவின் போனும் அதில்தான் கிடக்கும். சட்டம் போட்டவருக்கும் சலுகை கிடையாது.

இளையவன் ஒரு மணிக்கு வந்தான். கையில் கேக் பெட்டி. முகம் முழுக்கச் சிரிப்பு. மூத்தவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முதலில் சந்தோஷம்தான் வந்தது. இரண்டு வருஷமாக அவன் செய்த எதுவும் உருப்படவில்லை. போட்டது இரண்டும் படுத்துவிட்டன. போன மாதம் வந்தபோது சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தான். வேலை போய்விடும் என்று அவன் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னடா விசேஷம்?"

"புது வேலை ஓகே ஆயிடுச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எல்லாருக்கும் விடுறோம். இதுவரைக்கும் சும்மா சோதனைக்குக் கொஞ்சம் பேருக்கு மட்டும்தான் குடுத்திருந்தோம். பத்து மணிக்கு நான்தான் பட்டனைத் தட்டணும்."

"எந்த வேலை?"

"அதான் பேசக் கூடாதே. நீதானே கையெழுத்து மட்டும் வாங்காம மத்தபடி எல்லாச் சத்தியமும் வாங்கின?"

அப்பா கரண்டியோடு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். மகன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் ஏதோ பொங்கி வழிகிற வாடை வந்த பிறகுதான் திரும்பினார்.

சாப்பாட்டின் நடுவில்தான் அந்தச் சத்தம் வந்தது.

மூன்றே மூன்று சுரம். கடைசிச் சுரம் கொஞ்சம் உடைந்து, கேள்வி மாதிரி முடியும். ஷூ டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

மூத்தவளுக்கு அது தெரிந்த சத்தம். 'கூடு' என்று ஒரு விளையாட்டு. கேள்விப்படாத ஏதோ ஒரு கம்பெனியின் பெயரில் சோதனைக்கு வந்திருப்பது. ஒரு பறவைக் குஞ்சை வளர்க்க வேண்டும். கூடு கட்டித் தர வேண்டும், இரை தேடித் தர வேண்டும், பறக்கக் கற்றுத்தர வேண்டும். மூன்று வாரமாக ஆடிக்கொண்டிருக்கிறாள். நாளை மதியத்துக்குள் அதைப் பற்றி எழுதித் தர வேண்டும். ஆனால் அவள் போன் அணைத்துக் கிடக்கிறது. டப்பாவில் போடும்போது அணைத்துவிட்டுப் போடுவது அவள் பழக்கம்.

அவள் தலை தூக்கியபோது இளையவனின் தலை ஏற்கெனவே தூக்கியிருந்தது. தூளியில் பிள்ளை அழுதால் பெற்றவள் திரும்புவாளே, அந்த மாதிரி.

"என் போன்தான்" என்றான்.

"என்னோடதா இருக்கும், மாத்திரை அலாரம்" என்றார் அப்பா.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரு சத்தத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். மூன்று பேரும் ஒரு விநாடி தட்டைப் பார்த்தார்கள்.

அப்பா எழுந்தார். கையைக்கூட சரியாகக் கழுவவில்லை. டப்பாவிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு, "மாத்திரையைப் போட்டுட்டு வந்துடறேன். பாத்திரம் நான் கழுவிக்கிறேன், சட்டம் சட்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் துணி உலர்த்துகிற பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பாவின் மாத்திரை டப்பா சாப்பாட்டு மேஜை மேலேயே இருந்தது.

*

பாத்திரத்தை அப்பாவுக்காக விட்டு வைக்க மூத்தவளுக்கு மனசில்லை. அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டாள். இளையவன் துண்டோடு பக்கத்தில் நின்றான். அவள் தேய்க்க, அவன் துடைக்க, பழைய காலத்து ஏற்பாடு.

"அக்கா, சார்ஜர் இருக்கா? என் போன் காலைலயே செத்துப்போச்சு."

தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. காலையிலேயே செத்துப்போன போன் எப்படி மத்தியானம் கூவும்? வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினாள். கேட்டால் மழுப்புவான். மழுப்புவதில் மன்னன் அவன்.

"ஹால்ல இருக்கு, அப்புறம் எடுத்துக்க. சரி, உன் புது வேலைக்குப் பேர் 'கூடு'தானே?"

துண்டு கையில் அப்படியே நின்றது. "யாரு சொன்னா?"

"சத்தம் சொல்லுச்சு. நீ திரும்பின விதமும் சொல்லுச்சு. மூணு வாரமா நான் அதை ஆடறேன்டா. உன்னோடதுன்னு தெரியாம. வேற கம்பெனி பேர்ல விட்டிருக்கீங்க."

"சோதனைக்கு விடும்போது எல்லாரும் அப்படித்தான் விடுவாங்க. படுத்துட்டா கம்பெனி பேர் கெடக் கூடாதுல்ல." பிறகு சின்னக் குரலில் கேட்டான். "எப்படி இருக்கு?"

இதுதான் அவளுக்குத் தாங்காது. என்ன இருந்தாலும் தம்பி. பள்ளிக்கூட நோட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு விளையாட்டு கண்டுபிடித்து அவளைத்தான் முதலில் ஆடச் சொல்வான்.

"நல்லா இருக்குடா. நிஜமா. அந்தக் குஞ்சு முதல்ல பறக்கும்போது கீழ விழுமே, விழுந்துட்டு நம்மளப் பாக்காம ஆகாசத்தப் பாக்குமே, அது நல்ல யோசனை. அதையேதான் எழுதி வச்சிருக்கேன். ஆனா ஒரு வாசகி எனக்குக் கடுதாசி போட்டிருந்தாங்க. அவங்க பறவை தினம் சாகக் கிடக்குதாம். அது கண்ணு முன்னாடி வந்து தூக்கமே போச்சாம். எனக்கு அப்படி ஒண்ணும் வரலையே, என் குஞ்சு கல்லு மாதிரி இருக்கேன்னு, அந்தம்மா மிகைப்படுத்துறாங்கன்னு நினைச்சுப் பதில்கூடப் போடல."

இளையவன் ஒரு தட்டையே இரண்டு தடவை துடைத்தான்.

"ரெண்டு கூடு இருக்கு அக்கா."

"என்னது?"

"சோதனைல ஆளுங்களை ரெண்டாப் பிரிப்போம். பாதிப் பேருக்கு ஒரு மாதிரி, பாதிப் பேருக்கு வேற மாதிரி. எது காசு கொண்டுவருதோ அதை எல்லாருக்கும் விடுவோம். உனக்கு வந்தது நான் பண்ணது. நோயே வராது. இன்னொண்ணுல பறவைக்கு உடம்பு சரியில்லாமப் போகும். மருந்து வாங்கணும். அது மேலிடத்து யோசனை. ஆனா…" ஒரு மூச்சு விட்டான். "வரைஞ்சது நான். அது கூவுற சத்தத்தச் சேர்த்ததும் நான்."

"எனக்கு நல்லதைக் குடுத்தது யாரு? விமர்சகின்னு தெரிஞ்சு குடுத்தீங்களா?"

"சத்தியமா இல்ல. கம்ப்யூட்டர் குலுக்கல்ல போடும்."

நம்பலாமா, கூடாதா? அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மருந்து எப்படி விக்கிறீங்க?"

"மூணு சொட்டு போட்டா எந்திருச்சுடும்."

"டப்பால எத்தனை சொட்டு?"

அவன் துடைத்த தட்டை அடுக்கில் வைத்தான்.

"டேய், டப்பால எத்தனை?"

"அஞ்சு."

"மிச்சம் ரெண்டு. அடுத்த தடவை ஒண்ணு குறையும். வீணாப் போகுதேன்னு இன்னொரு டப்பா. மருந்து விலைக்குப் பக்கத்துல நேரம் ஓடுமா? இன்னும் இருபது நிமிஷத்துல விலை ஏறிடும்னு?"

"ஓடும்."

"நேரம் முடிஞ்சா?"

"மறுபடி இருபதுல இருந்து ஓடும்" என்று அவனே சொல்லி, அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

மூத்தவள் குழாயை மூடினாள். கோபம் வந்தால் அவள் குரல் இறங்கும். எழுத்திலும் அப்படித்தான்.

"விளையாட்டுல தோக்கலாம்டா. பறவை செத்தே போகலாம், தப்பில்ல. ஆட்டத்தோட விதி அது, அழுதுட்டு மறுபடி ஆடுவாங்க. ஆனா நீயே அடிச்சுட்டு, நீயே பக்கத்துல நின்னு பிளாஸ்திரி விக்கிறதுக்குப் பேரு விளையாட்டு இல்ல."

"யாரையும் கழுத்தப் புடிச்சு வாங்கச் சொல்லல அக்கா. நூத்துல தொண்ணூத்தேழு பேர் காசே குடுக்க மாட்டான், ஓசிலயே ஆடிட்டுப் போவான். அந்த மூணு பேர்தான் எல்லாருக்கும் சோறு போடறான். எழுதறது சுலபம். மாசம் முடிஞ்சா பதினோரு பேருக்குச் சம்பளம் வரணுமே, அதை எழுதிப் பாரு." குரல் ஏறி, தானாகவே இறங்கியது. "நானும் சண்டை போட்டேன். என்னோடதுதான் ஜெயிக்கும்னு பந்தயம்கூடக் கட்டினேன். ரெண்டு மாசம் ரெண்டும் சமமாத்தான் போச்சு. கடைசி மாசம் ஒரே ஒரு ஆளு மருந்து விக்கிற கூட்டைத் தூக்கி நிறுத்திட்டார்."

"ஒரே ஆளா?"

"சோதனைல இருக்கிறதே கொஞ்சம் பேர். அதுல ஒருத்தர் அள்ளிக் கொட்டினா தராசு சாயத்தானே செய்யும். ஆபீஸ்ல அவரைப் 'பெரிய கை'ன்னுதான் சொல்லுவோம். பேர் தெரியாது, நம்பர் மட்டும்தான். ஆனா மனுஷன் எனக்கு அத்துப்படி. காலைல அஞ்சரைக்கு வந்துடுவார். பறவை படுத்தா ஒரு நிமிஷம் தாமதிக்க மாட்டார். ராத்திரி ஒன்பதுக்கு மேல வர மாட்டார். வியாழக்கிழமை மத்தியானம் மட்டும் ஆளையே காணோம், நாலு மணிக்கு மேலதான் தலையைக் காட்டுவார். நாளைக்கு விடப்போறதையே அவர் பழக்கத்த வச்சுத்தான் செதுக்கியிருக்கேன்."

வியாழக்கிழமை மத்தியானம்.

அன்றைக்குத்தான் அப்பா தவறாமல் போகிற லிஃப்ட் தொழிலாளர் சங்கத்து ஓய்வு பெற்றவர்களின் கூட்டம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அந்த வழக்கத்தைப் பார்த்துத்தான் இந்த வீட்டுக்கே ஷூ டப்பா வந்தது.

இதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? அப்பாவுக்கு வியாழக்கிழமை எங்கே வேலை என்று மகனுக்குத் தெரியாமல் இருக்குமா?

"ஏன்டா, அந்தப் பெரிய கை உங்க ஆபீஸ் ஆளாவே இருந்தா? இல்ல, யாராவது வீட்டு ஆளு?" என்றாள், விளையாட்டாகக் கேட்பது போல.

"சேர்க்கவே மாட்டாங்க. வீட்டு ஆளுங்க ஆடினா அது கணக்குலயே வராது, சோதனையே செல்லாது. வேணும்னே பண்ணோம்னு சொல்லி வெளிய அனுப்பிடுவாங்க." துண்டை உதறிக் கொடியில் போட்டான். "ஏன் கேக்கற?"

"சும்மா."

அவன் இன்னும் ஏதோ கேட்கப்போவது போல நின்றான். கேட்காமல் சார்ஜரைத் தேடிப் போய்விட்டான்.

*

பால்கனிக் கதவை அவள் தட்டவில்லை. திறந்தாள்.

ஈரத் துணிகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் அப்பா உட்கார்ந்திருந்தார். போனை வலது கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்திருந்தார். இடது கண் பாதி மூடியிருந்தது. திரையில் குஞ்சு மறுபடியும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. சிறகு மட்டும் ஏறி இறங்கியது. ஆகாசத்தைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தது.

அப்பாவின் கட்டைவிரல் இரண்டு இடத்தில் தட்டியது. தட்டித் தட்டிப் பழகிய விரல். மூன்று சொட்டு விழுந்தது. குஞ்சு தலையை உதறிக்கொண்டு எழுந்தது.

"எந்திருச்சுட்டா" என்றார் அப்பா, யாரிடமோ.

"அப்பா."

திடுக்கிட்டு போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு, போட்டு என்ன பிரயோஜனம் என்று தோன்றியிருக்க வேண்டும், திரும்ப எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நாளா?"

"மூணு மாசம்."

"கண்ணுக்கு வச்சிருந்த பணமா?"

"கண்ணு எங்கயும் ஓடிடாதும்மா. இன்னொண்ணு நல்லாத்தானே தெரியுது."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். கோபமாகப் பேச வேண்டியதை மெதுவாகவே பேசினாள். இது பொறி என்றாள். நோய் வருகிற நேரத்தைக்கூட ஆளைப் பார்த்து வைப்பார்கள் என்றாள். விலைக்குப் பக்கத்தில் ஓடுகிற நேரம் பொய் என்றாள். அப்பா பொறுமையாகக் கேட்டார், பாதியில் சிரித்தார்.

"எனக்குச் சொல்றியா? லிஃப்ட்ல கதவை மூடற பட்டன் இருக்கே, நான் பாத்த லிஃப்ட்ல பாதிக்கு மேல அதுக்கு ஒயரே கிடையாது. கதவு அதுபாட்டுக்கு மூடிக்கும். ஆனா தேஞ்சு போறது முதல்ல அந்தப் பட்டன்தான். எத்தனை மாத்தியிருக்கேன் தெரியுமா? நான் ஏமாறலம்மா. தெரிஞ்சுதான் அழுத்தறேன்."

"அந்தப் பட்டனை அழுத்த நீங்க யார்கிட்டயும் காசு வாங்கலையேப்பா."

அப்பா மடியிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சு எதுக்கு அழுத்தணும்?"

"மூணு மாசம் முன்னாடி இங்க வந்திருந்தானே. இதே பால்கனில நின்னு போன் பேசினான். இந்தத் தடவையும் வசூல் நம்பர் வரலைன்னா டீமையே கலைச்சிருவாங்கன்னான். குரலே சரியில்லம்மா. விளையாட்டுப் பேரும் அதுல வந்துச்சு. மறுநாள் தேடிப் பிடிச்சு நானும் சேர்ந்துட்டேன். நம்பர்தானே வேணும், நாம ஒரு நம்பரா இருந்துட்டுப் போவோம்னு." சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். "கையில குடுத்தா வாங்குவானா? வாங்க மாட்டான். இப்படிக் குடுத்தா அவனுக்கே தெரியாது. இன்னிக்கு அவன் முகத்தப் பாத்தியா? ரெண்டு வருஷம் ஆச்சு, அவன் இப்படிச் சிரிச்சு."

சொல்லிவிடலாமா என்று மூத்தவள் ஒரு கணம் தவித்தாள். பிறகு சொன்னாள். மறைத்து வைப்பது அவளால் ஆகாது.

"அப்பா, ரெண்டு மாதிரி விட்டிருந்தாங்க. ஒண்ணுல பறவைக்கு நோயே கிடையாது. அதுதான் அவன் ஆசைப்பட்டுப் பண்ணது. அதுதான் ஜெயிக்கணும்னு சண்டை போட்டிருக்கான். நீங்க மருந்து வாங்கி வாங்கி இந்தப் பக்கத்தை ஜெயிக்க வச்சுட்டீங்க. நாளைக்குக் காலைல இதுதான் எல்லாருக்கும் போகப்போகுது. அவன் தோத்துட்டான்பா. உங்ககிட்டதான் தோத்திருக்கான்."

அப்பாவுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் முகம் சின்னதாகிவிட்டது. கொடியில் தொங்கிய தலையணை உறையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"எது ஜெயிச்சா என்ன. வேலை நின்னுச்சுல்ல" என்றார் கடைசியில். அவர் குரலில் அவருக்கே நம்பிக்கை இல்லை. "அவன்கிட்ட சொல்லாத. அம்மாகிட்டயும் சொல்லாத. அவ என்னையும் சேர்த்து மெஷின்ல போட்டுடுவா. சத்தியமா சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"நான் சொல்ல மாட்டேன். அவனா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்."

"அதென்ன ஒரு சத்தியம், ஓட்டைச் சத்தியம்" என்று அப்பா முணுமுணுத்தார். ஆனால் தலையாட்டினார்.

அவர் மடியில் குஞ்சு கூட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. மூலையில் மருந்து டப்பா, அதில் மிச்சம் இரண்டு சொட்டு. தெரிந்துதான் அழுத்துகிறேன் என்றவரின் கண், பேச்சுக்கு நடுவே நாலு தடவை அந்த டப்பாவுக்குப் போய் வந்ததை மூத்தவள் பார்த்தாள். மகனுக்காக ஆரம்பித்தது உண்மை. இப்போதும் மகனுக்காக மட்டும்தானா என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

*

நாலரை மணிக்கு இளையவன் கிளம்பினான். மீதிக் கேக்கை அம்மாவுக்கென்று ஃப்ரிட்ஜில் வைத்தாயிற்று. மூத்தவள் அவனோடு கீழே இறங்கினாள்.

அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். சாவியைத் திருகவில்லை. கண்ணாடியை இறக்கினான்.

"நீ எழுதப்போறியா?"

"உன்னோடதை எழுத மாட்டேன்னு சொல்லியிருக்கேன். ஆனா உன்னோடதுன்னு தெரியறதுக்கு முன்னாடியே பாதி எழுதிட்டேன். அந்த வாசகிக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கேன். என்ன பண்றதுன்னு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யோசிப்பேன்."

அவன் தலையாட்டினான். ஸ்டியரிங்கில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, மத்தியானம் கேட்ட சத்தம்… அது என் போன்ல இருந்து வரல, இல்ல?"

"உன் போன் காலைலயே செத்துப்போச்சுன்னு நீதானே சொன்ன."

"உன்னுதும் இல்ல. நீ அணைச்சுட்டுத்தான் போடுவ."

"ஆமா."

மிச்சம் ஒரு போன்தான். அதை எண்ணிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. அவன் முகத்தில் வந்தபோது இருந்த சிரிப்பு போயிருந்தது. எப்போது போனது? இப்போதா, அடுப்படியிலா, சாப்பாட்டு மேஜையிலேயேவா? என் போன்தான் என்று அவ்வளவு அவசரமாக ஏன் சொன்னான்? தெரியாமல் சொன்னானா, தெரிந்துகொள்ளக் கூடாது என்று சொன்னானா? மூன்று மாதமாக ஒரு மனுஷனின் காலை, மாலை, தூக்கம், வியாழக்கிழமை என்று எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு தடவைகூட 'எங்க அப்பா மாதிரியே இருக்காரே' என்று நினைக்காமலா இருந்திருப்பான்?

தம்பியைப் பற்றி இப்படி யோசிக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

"அப்பாவோடதா?" என்றான்.

"அப்பாகிட்ட கேளு." மேலே கை காட்டினாள். "இதோ நிக்கிறார்."

மூன்றாவது மாடிப் பால்கனியில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எந்தக் கார், யார் கார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்ததோ என்னவோ, பொதுவாகக் கையை ஆட்டினார். இளையவன் குனிந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பதிலுக்குக் கை ஆட்டினான். ஆனால் இறங்கவில்லை.

இறங்கினால் மூன்று மாடி. லிஃப்டில் ஒரு நிமிஷம். ஒரே ஒரு கேள்வி. அவர் ஆமாம் என்றால் சோதனை செல்லாது. அவன் வேலையும் பதினோரு பேரின் சம்பளமும் அந்தரத்தில் தொங்கும். நோயில்லாத பறவை ஒருவேளை பிழைத்துக்கொள்ளும். கேட்காதவரை அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் மேல் யார் குற்றம் சொல்ல முடியும்?

அவன் சாவியைத் திருகினான். வண்டி உறுமியது.

"நேரமாச்சு அக்கா. நாளைக்கு அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கறேன்."

மூத்தவள் ஜன்னல் விளிம்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பத்து மணிக்கு முன்னாடியா, அப்புறமா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. மேலேயும் பார்க்கவில்லை. கியரைப் போட்டான்.

"அப்புறம்" என்றான்.